மஞ்சளைத் தேடினால் கடிகாரம் வருகிறதா? டிரேட்ஸ்டாட் தளத்தில் தடுக்கும் இடங்களும் தீர்வுகளும்

எந்தப் பொருள் எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது, எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று பார்க்க மத்திய வணிகத் துறை டிரேட்ஸ்டாட் என்ற இணையத் தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. காசு இல்லை. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு), பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கு) ஆகியவைதான் மூலம். கொல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசின் வணிகப் புள்ளிவிவர அமைப்பான டிஜிசிஐஎஸ் அவற்றைத் தொகுக்கிறது. ஆண்டுக் கணக்குக்கு ஒரு பிரிவு, மாதக் கணக்குக்கு ஒரு பிரிவு.

புதிதாக ஏற்றுமதியில் இறங்குகிறவர்கள் இந்தத் தளத்தைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் தளத்தின் குறை அல்ல என்பது என் அனுபவம். நாம் கேட்டதற்குத்தான் அது பதில் சொல்கிறது. கேட்டது என்ன என்பதில்தான் நமக்குக் குழப்பம். அடிக்கடி வரும் கோளாறுகளை, வருகிறவர்கள் சொல்லும் வாக்கிலேயே எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

"நேற்று வந்த அறிக்கை இன்று திறக்கவில்லை"

அறிக்கைப் பக்கத்தின் முகவரியை புக்மார்க் செய்து வைத்திருப்பீர்கள். இது படிவம் நிரப்பி அனுப்பினால் பதில் தரும் தளம். முகவரியில் உங்கள் கேள்வி பதிவாவதில்லை, அதனால் மறுநாள் வெற்றுப் படிவம்தான் வரும். முகப்பிலிருந்து மறுபடி கேளுங்கள். பல வருடப் பழைய புக்மார்க் என்றால் அழித்துவிடுங்கள்; தளம் முகவரியும் மாறியது, உருவமும் மாறியது. அறிக்கை கிடைத்ததும் அட்டவணையின் மேலே உள்ள தலைப்பு வரியோடு சேர்த்துச் சேமித்து, எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். தேதி ஏன் என்பது கீழே வரும்.

"கோடு போட்டால் வேறு ஏதோ பொருள் வருகிறது" அல்லது "பதிவே இல்லை என்கிறது"

ஈரோட்டுத் தம்பி ஒருவர் ஒரு நாள் போன் செய்தார். "அண்ணா, மஞ்சள்னு போட்டா கடிகாரம் வருதுங்க." விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். திரையைப் படம் பிடித்து அனுப்பினார். உண்மையிலேயே கடிகாரம்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்துறையில் ஓர் அடையாள எண் உண்டு, அதுதான் ஹெச்எஸ் கோடு. மஞ்சளுக்கு 091030. அதை எக்ஸெல் பட்டியலில் வைத்திருந்தார். எக்ஸெல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியை விழுங்கிவிட்டது. மிச்சம் 91030. ஐந்து இலக்கத்தில் தேட வழியில்லை என்பதால் கடைசிச் சுழியையும் தட்டிவிட்டு 9103 என்று போட்டிருக்கிறார். 91ஆம் அத்தியாயம் கடிகாரங்களுக்கானது. 9103 என்பது கைக்கடிகார இயந்திரம் வைத்த மேசைக் கடிகார வகை. தளம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இந்தச் சிக்கல் 01 முதல் 09 வரையிலான அத்தியாயங்களுக்கு மட்டும்தான். ஆனால் நம் பக்கத்துச் சரக்கு பாதி அங்கேதான் இருக்கிறது: இறால் 0306, முந்திரி 0801, காப்பி 0901, மிளகாய் 0904. எக்ஸெல்லில் கோடுகளை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன சுழி திரும்பி வராது. ஒன்றிரண்டு கோடுதான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டச்சு செய்தாலும் போதும்.

கோட்டின் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் 2 இலக்கம் அத்தியாயம், 4 வரை தலைப்பு, 6 வரை உட்தலைப்பு. உலக சுங்க அமைப்பு வகுத்த இந்த 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. 7, 8ஆம் இலக்கங்கள் இந்தியா தன் தேவைக்குச் சேர்த்தவை. 09103020 என்றால் காய்ந்த மஞ்சள், 09103030 என்றால் மஞ்சள் தூள். அமெரிக்காவில் 10 இலக்கம். அங்குள்ள வாங்குபவர் கொடுத்த 10 இலக்கக் கோட்டை இங்கே அப்படியே போட்டால் வராது. கடைசி இரண்டை மட்டும் வெட்டி 8 ஆக்கினாலும் தப்பு. அவருடைய 7, 8ஆம் இலக்கங்களுக்கும் நம்முடையவற்றுக்கும் சம்பந்தமில்லை. முதல் 6 இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தியப் பட்டியலில் அதன் கீழே என்னென்ன 8 இலக்கக் கோடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். படிவத்தில் எத்தனை இலக்க நிலை என்று தேர்ந்தெடுக்கும் இடமும் நீங்கள் போடும் கோடும் ஒத்துப்போக வேண்டும். 4 இலக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு 8 இலக்கம் போட்டுக் காத்திருக்கிறவர்கள் நிறைய.

"பொருள் வருகிறது, ஆனால் தொகை ரொம்பக் குறைவாக இருக்கிறது"

ஒரு தொழிலை ஒரே கோட்டில் அடைக்க முடியாது. இதை ஏற்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

தென்னையையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் 0801. தேங்காய் எண்ணெய் 1513. தென்னை நார் 5305. அந்த நாரில் நெய்த தரைவிரிப்பு 5702. சிரட்டைக் கரி 4402. அந்தக் கரியைப் பக்குவப்படுத்தி ஆக்டிவேட்டட் கார்பன் ஆக்கினால் 3802. மரம் ஒன்று, அத்தியாயம் ஆறு. "தென்னைப் பொருள் ஏற்றுமதி எவ்வளவு?" என்று தளத்திடம் கேட்க முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து நாம்தான் கூட்ட வேண்டும்.

கிரானைட்டிலும் இதே கதை. குவாரியிலிருந்து கட்டியாகப் போவது 2516, அறுத்து மெருகேற்றிப் போவது 6802. கட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் தொழிலே படுத்துவிட்டது என்று சொன்னவரை எனக்குத் தெரியும்.

திருப்பூர்க்காரர்கள் 6109 போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதில் டி-ஷர்ட்டும் பனியனும் மட்டும்தான் உண்டு. ஆண்கள் பின்னல் சட்டை 6105, உள்ளாடை 6107, ஸ்வெட்டர் வகை 6110, குழந்தை உடுப்பு 6111. பின்னலாடை முழுவதும் வேண்டுமென்றால் 61ஆம் அத்தியாயத்தை 2 இலக்க நிலையில் கேளுங்கள். செய்தித்தாளில் 'ஆயத்த ஆடை ஏற்றுமதி' என்று வரும் எண்ணில் நெய்த துணி ஆடைகளான 62ஆம் அத்தியாயமும் இருக்கும். அதோடு, அமைச்சகம் மாதாமாதம் வெளியிடும் குறிப்பு 'முக்கியப் பண்டங்கள்' என்ற வேறொரு தொகுப்பின்படி வருகிறது. ஹெச்எஸ் அத்தியாயத்தை அதோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். தளத்தில் முக்கியப் பண்டங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அந்த எண்ணை அங்கே போய்ப் பாருங்கள்.

"சில வருடங்களுக்கு முன் போனால் சுத்தமாக சைபர்"

கோடு புதியதாக இருக்கும். ஹெச்எஸ் பட்டியல் ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது: 2007, 2012, 2017, 2022. பலரைச் சுற்றவிடுவது ஸ்மார்ட்போன். இப்போது அதன் கோடு 851713. 2022க்கு முன் அப்படி ஒரு கோடே கிடையாது. செல்பேசி எல்லாமே 851712இல் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அதை ஸ்மார்ட்போனுக்கு 851713, மற்ற செல்பேசிக்கு 851714 என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

இது தெரியாமல் 851713ஐ மட்டும் வரைபடமாகப் போட்டால் இந்தியா 2022இல்தான் ஸ்மார்ட்போன் ஏற்றுமதியைத் தொடங்கியது போலத் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் 2021-22இல் முதல் ஒன்பது மாதம் பழைய கோட்டிலும் கடைசி மூன்று மாதம் புதிய கோட்டிலும் கிடக்கும். தொடர்ச்சியான வரிசை வேண்டுமென்றால் மூன்று கோடுகளையும் கூட்டுங்கள். அப்போது கிடைப்பது செல்பேசி மொத்தம். ஸ்மார்ட்போனை மட்டும் பின்னோக்கிப் பிரித்தெடுக்க 6 இலக்கக் கணக்கில் வழியில்லை.

8 இலக்கக் கோடுகள் இதைவிட அடிக்கடி மாறும். மத்திய பட்ஜெட்டோடு சேர்ந்தே சில மாறிவிடுகின்றன. ஒரு கோடு திடீரென்று நின்றுபோனால் அதன் 6 இலக்க உட்தலைப்புக்குப் போய், அதே ஆண்டில் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

"0.00 என்று காட்டுகிறது, ஆனால் நானே அனுப்பியிருக்கிறேன்"

மில்லியன் டாலரில் பார்க்கிறீர்கள். இரண்டு தசம இடம்தான் என்பதால் 5,000 டாலருக்குக் குறைவான எதுவும் 0.00 ஆகிவிடும். சிறு ஏற்றுமதியாளரின் முதல் சரக்கு அநேகமாக இந்தப் பள்ளத்தில்தான் விழும். படிவத்துக்குத் திரும்பி ரூபாய் லட்சத்துக்கு மாற்றுங்கள். அங்கே 0.01 என்றால் ஆயிரம் ரூபாய். உங்கள் நாலு லட்சம் தெளிவாகத் தெரியும்.

ரூபாய்க்கு மாறியதும் வரும் அடுத்த சறுக்கல், லட்சத்தைக் கோடியாகப் படிப்பது. 1,23,456.00 என்று இருந்தால் அது 1,234.56 கோடி. ஒரு திட்ட அறிக்கையில் இதை அப்படியே கோடி என்று எழுதி வங்கிவரை கொண்டுபோனவர் உண்டு. வங்கி மேலாளர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்பதால் தப்பித்தார்.

"ரூபாயில் வளர்ச்சி, டாலரில் தேக்கம். எது சரி?"

இரண்டும் சரி. 2021-22இல் டாலரின் சராசரி மதிப்பு சுமார் 74.5 ரூபாய், 2022-23இல் சுமார் 80.4. இரண்டு ஆண்டும் 100 மில்லியன் டாலருக்கே ஒரு பொருள் போயிருந்தாலும் ரூபாயில் அது 745 கோடியிலிருந்து 804 கோடி ஆகும். கிட்டத்தட்ட 8 சதவீதம் வளர்ச்சி. சரக்கு ஒரு மூட்டைகூட அதிகம் போயிருக்காது. சந்தை வளர்கிறதா என்று பார்க்க டாலரையும் அளவையும் பாருங்கள். உங்கள் கையில் என்ன வரும் என்று பார்க்க ரூபாய்.

"அளவு பத்தி காலியாக இருக்கிறது"

மேல்நிலைக் கோட்டில் கேட்டிருப்பீர்கள். ஒரே தலைப்புக்குள் சில கோடுகள் கிலோவிலும் சில எண்ணிக்கையிலும் இருக்கும். கிலோவையும் எண்ணிக்கையையும் கூட்ட முடியாதே. 8 இலக்கத்துக்கு இறங்குங்கள். அளவு ஆயிரத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அட்டவணையின் தலைப்பு வரியில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு 1.20 மில்லியன் டாலர், அளவு 800 ஆயிரம் கிலோ என்றால் கிலோ ஒன்றரை டாலர். இந்த வகுத்தலை எப்போதும் ஒரு முறை போட்டுப் பார்ப்பேன். கிலோ ஒன்றரைப் பைசா என்றோ 1,500 டாலர் என்றோ வந்தால் எங்கோ அலகில் தவறியிருக்கிறேன் என்று உடனே தெரிந்துவிடும்.

"நாட்டின் பெயரே பட்டியலில் இல்லை"

பெயர்கள் சுங்கத்துறைச் சுருக்கத்தில் இருக்கும். துபாய் என்று தேடினால் கிடைக்காது, ஐக்கிய அரபு அமீரகம் என்பது 'யூ அரப் எம்ட்ஸ்'. தென் கொரியா 'கொரியா ஆர்பி', சீனா 'சைனா பி ஆர்பி', இலங்கை 'ஸ்ரீலங்கா டிஎஸ்ஆர்'. சுருக்கம் பிடிபடவில்லை என்றால் நாட்டைத் தேர்ந்தெடுக்காமல், ஒரு பொருளுக்கு எல்லா நாடுகளையும் காட்டும் அறிக்கையை எடுங்கள். முழுப் பட்டியலும் கண்ணெதிரே வந்துவிடும்.

"நாடு இருக்கிறது, கோடும் சரி, ஆனால் எண்ணிக்கை திடீரென்று விழுந்துவிட்டது"

மேலே சொன்னதையெல்லாம் பார்த்தும் விழுந்தே கிடந்தால், அது நிஜமாகவே விழுந்ததாக இருக்கலாம். மறுபடியும் மஞ்சள்தான் உதாரணம். இலங்கைக்கு எப்போதும் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. அந்நாட்டு அரசு உள்நாட்டு விவசாயிகளைக் காக்கவென்று மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டது. 2020இலிருந்து அங்கே விலை எகிறியது. இந்தப் பக்கம் ராமநாதபுரம் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

படகில் இரவோடு இரவாகப் போகிற மூட்டைக்கு ஷிப்பிங் பில் கிடையாது. ஆகவே டிரேட்ஸ்டாட்டில் அது இல்லை. தளத்தைப் பார்க்கிறவருக்கு இலங்கைக்காரர்கள் மஞ்சள் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். இப்படி ஒரு பள்ளம் கண்ணில் பட்டால் அந்த ஆண்டில் இரு பக்க அரசாணைகளையும் பாருங்கள். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு 2023 ஜூலையில் இந்தியா போட்ட தடை, 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் நம்மோடு வணிகத்தை நிறுத்தியது, இவையெல்லாம் அட்டவணையில் வெறும் எண்ணாகத்தான் தெரியும். அதற்கு அடிக்குறிப்பு இருக்காது.

"போன மாதம் எடுத்த எண் இப்போது மாறிவிட்டது"

தேதி எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். அமைச்சகம் 15ஆம் தேதி வாக்கில் முந்தைய மாதத்தின் மதிப்பீட்டை அறிவிக்கும். 8 இலக்க விவரம் அதற்கு அப்புறம்தான் தளத்தில் ஏறும். ஏறியதும் தற்காலிகக் கணக்குதான், பிறகு திருத்துவார்கள். மாத அட்டவணையில் தலைப்பின் பக்கத்தில் ஒற்றை எழுத்து நிற்பதைக் கவனியுங்கள். 'பி' தற்காலிகம், 'ஆர்' திருத்தியது.

மாதப் பிரிவில் இன்னொரு பொறி: அந்த மாதத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏப்ரல் முதல் அந்த மாதம் வரையிலான மொத்தமும் நிற்கும். அதை மாத எண் என்று நினைத்து 12 மாதமும் கூட்டினால் நாட்டின் ஏற்றுமதி பல மடங்காகிவிடும்.

"அமெரிக்கா சொல்லும் கணக்கும் நம்முடையதும் ஒத்துப்போகவில்லை"

ஒத்துப்போகாது. வித்தியாசம் எங்கே என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஆண்டு. நமக்கு ஏப்ரல்–மார்ச், அவர்களுக்கு ஜனவரி–டிசம்பர். மாதப் பிரிவை வைத்து இதைச் சரிக்கட்டலாம். 2023 காலண்டர் ஆண்டு வேண்டுமா? 2022-23 முழு ஆண்டிலிருந்து 2022 ஏப்ரல்–டிசம்பர் மொத்தத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது 2023 ஜனவரி–மார்ச். அதோடு 2023 ஏப்ரல்–டிசம்பரைக் கூட்டுங்கள். மூன்று எண்ணையும் ஒரே நாளில் எடுத்தால் நல்லது.

அடுத்தது விலை. நம் ஏற்றுமதி எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. பல நாடுகள் இறக்குமதியை சிஐஎஃப் விலையில் எழுதும். கப்பல் கூலியும் காப்பீடும் அதில் சேரும். அமெரிக்காவில் சுங்க மதிப்பு, சிஐஎஃப் இரண்டும் கிடைக்கும். நம் எஃப்ஓபியோடு ஒப்பிட முதலாவதை எடுங்கள்.

மூன்றாவது, சரக்கு போகும் வழி. தூத்துக்குடியில் மார்ச்சில் ஏறிய சரக்கு அங்கே இறங்கும்போது மே ஆகியிருக்கலாம். துபாய்க்கு என்று போன சரக்கு அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம். கடைசியில் வாங்கிய நாடு, சரக்கு உற்பத்தியானது இந்தியாவில் என்று எழுதும்; நாமோ அது போனது அமீரகத்துக்கு என்று எழுதியிருப்போம். நெதர்லாந்துக்கு நம் ஏற்றுமதி அத்தனை பெரிதாகத் தெரிவதற்கு ராட்டர்டாம் துறைமுகம் ஒரு முக்கியக் காரணம். இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் பெரிய ஓட்டை இருந்தால் கோட்டைச் சந்தேகியுங்கள். அதே பொருளை அந்த நாட்டுச் சுங்கம் வேறு தலைப்பில் வைத்திருக்கலாம்.

"தமிழ்நாட்டுக்கு மட்டும் எவ்வளவு?", "மென்பொருள் எங்கே?"

மென்பொருள் இதில் வராது. இது சரக்குக் கணக்கு மட்டும். சேவை ஏற்றுமதிக்கு ரிசர்வ் வங்கி வெளியீடுகளுக்குப் போங்கள். மாநில வாரியாகப் பார்க்க 2022இல் தொடங்கிய நிர்யாத் தளம் இருக்கிறது. ஷிப்பிங் பில்லில் சரக்கு எந்த மாநிலத்தில் உருவானது என்று நிரப்புகிறோமே, மாநிலக் கணக்கு அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020இலிருந்து மாவட்டமும் கேட்கிறார்கள். கரூரில் நெய்த துணிக்கு, அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்று சென்னையைப் போட்டு அனுப்பினால் கரூர்க் கணக்கில் அது ஏறாது. உங்கள் சுங்க ஏஜெண்ட் அந்தக் கட்டத்தில் என்ன போடுகிறார் என்று அடுத்த பில்லில் ஒரு தடவை பாருங்கள்.